நஞ்சைக்கும் கடலோர மணலுக்கும் ஏற்ற டிராக்டரைத் தேர்ந்தெடுத்தல்

செங்கற்பட்டு ஜில்லாவில் டிராக்டர் வாங்க விரும்பும் மிராசுதாரர் முதன்முதலில் கேட்கும் கேள்வி, எந்தக் கம்பெனியின் வண்டி நல்லது என்பதே. அண்டை வீட்டார் ஒரு பெயரைச் சொல்வர். டிரைவர் வேறொரு பெயரைச் சொல்வார். விற்பனையாளரோ தம் வண்டியைத் தவிர மற்றவை யாவும் பழுது என்பார். கேட்கப்பட்ட கேள்வியே முழுமையற்றது என்பதை இம்மூவரில் ஒருவரும் எடுத்துரைப்பதில்லை. எந்த நிலத்தில் நல்லது என்று கேட்டாலன்றி அதற்கு விடை கூற இயலாது.

மாடு வாங்கும்பொழுது நம்மவர் இத்தவற்றைச் செய்வதில்லை. காங்கேயம் காளை பாரம் இழுப்பதிலும் வறண்ட நிலத்தை உழுவதிலும் பெயர் பெற்றது. உம்பளச்சேரி மாடோ தஞ்சைச் சேற்றிலே பிறந்து வளர்ந்தது. உருவில் சிறியதாயினும் முழங்கால் ஆழச் சேற்றில் சளைக்காமல் நடக்கும். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று சந்தையில் எவரும் வழக்காடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்த்த பின்னரே துண்டுக்குள் விலை பேசுவர். பல லக்ஷ ரூபாய் விலையுள்ள யந்திரத்தை மட்டும், ஷோரூமில் வர்ணம் பூசி நிறுத்தியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவது விந்தையே.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். மதுராந்தகம் ஏரியின் ஆயக்கட்டில் ஐந்து ஏக்கர் நஞ்சையும், கூவத்தூர்ப் பக்கம் கடலோரத்தில் மூன்று ஏக்கர் மணற்பாங்கான புஞ்சையும் உடைய ஒருவர் டிராக்டர் வாங்க எண்ணுகிறார். நஞ்சையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்திற்குப் போகம் சேடை ஓட்ட வேண்டும். புஞ்சையில் மணிலாவும் தர்ப்பூசணியும் பயிராகின்றன. ஓரத்தில் சவுக்கு நிற்கின்றது. சவுக்கு வெட்டும் காலத்தில் கட்டைகளை டிரெயிலரில் ஏற்றி, மணல் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை வரையில் இழுத்துவர வேண்டும். இவருக்கு வேண்டிய யந்திரம் ஆழச் சேற்றிலும் அமிழலாகாது. உலர்ந்த மணலிலும் புதையலாகாது. சேறும் மணலும் யந்திரத்தைச் சோதிக்கும் விதம் ஒன்றல்ல.

முதலில் சேற்றைக் கவனிப்போம். சேடை ஓட்டும் நஞ்சையில் மேலே குழைந்த சேறும், அதன் கீழே பல தலைமுறை உழவால் இறுகிய கெட்டித் தளமும் இருக்கும். டிராக்டரைத் தாங்குவது அத்தளமே. மேலும் மேலும் பாரமான வண்டிகளை ஓட்டினால் தளம் உடைந்து, வருஷத்திற்கு வருஷம் சேறு ஆழமாகின்றது. மதகுக்கு அருகிலும், ஏரிக்கரைக் கசிவு விழும் மடைகளிலும் சில வயல்களில் இப்பொழுதே மாடும் இறங்க அஞ்சுகிறது. ஆகவே, வண்டியைப் பார்க்கப் போகுமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். நீர் கட்டிச் சேடை ஓட்டிய வயலில் ஓர் இரும்புக் கம்பியைப் பத்து இடங்களில் ஊன்றி, தளம் தட்டுப்படும் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்க. சாதாரண டிராக்டரின் அடிவயிறு தரையிலிருந்து சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சேற்றின் ஆழம் அதனை எட்டுமாயின், சக்கரம் எவ்வளவு வலுவாகச் சுழன்றாலும் வண்டி வயிற்றின் மேல் படுத்துவிடும். அவ்வயலில் எந்தக் கம்பெனியின் டிராக்டரும் இறங்கலாகாது. அங்கே ஏற்றது பவர் டில்லர் ஒன்றே.

தளம் தாங்கும் வயல்களில் அடுத்துப் பார்க்க வேண்டுவது எடை. கம்பெனிப் பிரசுரங்களில் குதிரைச் சக்தி பெரிய எழுத்திலும் எடை சிறிய எழுத்திலும் இருக்கும். நஞ்சைக்காரர் இதனை மாற்றிப் படிப்பது நலம். 40 குதிரைச் சக்தியை ஒட்டிய வழக்கமான இரு சக்கர இழுவை டிராக்டர்கள் 1800 முதல் 2000 கிலோ வரையில் எடையுள்ளவை. அவற்றின் முன்சக்கரங்கள் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கின்றன, ஆனால் இழுப்பதில்லை. சேற்றில் அப்பங்கு வண்டியை அமிழ்த்துவதற்கு மட்டுமே உதவுகிறது. நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியில் முழு எடையும் இழுவைக்குப் பயன்படுவதால், யந்திரத்தை இலேசாகச் செய்ய முடிகிறது. குபோட்டாவின் எல் 4508 என்னும் 45 குதிரைச் சக்தி வண்டி 1400 கிலோவிற்கும் குறைவானது. ஜப்பானிய நெல் வயல்களில் தேர்ந்த கம்பெனி அவ்வாறு செய்ததில் வியப்பில்லை. இன்று மற்றக் கம்பெனிகளும் நான்கு சக்கர இழுவை வண்டிகளை விற்கின்றன. ஆனால் சில பாரமான பழைய அமைப்பின் மேல் முன் அச்சு இழுவையைச் சேர்த்தவை. அவை இன்னும் கனக்கும். பெயரைக் கேட்டு ஏமாறாமல், எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்க.

எடை குறைந்தால் இழுவை குறையாதோ எனில், வறண்ட செவ்வலில் ஆழமாகக் கலப்பை உழுவதற்கு எடை வேண்டும் என்பது மெய்யே. திருக்கழுக்குன்றம் பக்கத்துச் செம்மண் புஞ்சைக்காரர் பாரமான வண்டியை விரும்புவது நியாயம். எனினும் கலப்பையின் இழுப்பையே பின்சக்கரத்தின் மேல் பாரமாக மாற்றும் மூன்று முனை இணைப்பை அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய பிறகு, இலேசான வண்டியும் கனத்த வண்டிபோல் உழக் கற்றுக்கொண்டது. இன்று எல்லா டிராக்டர்களிலும் உள்ளது அவ்விணைப்பே. அதன் கட்டுப்பாட்டு நெம்புகோலை எப்பொழுதும் ஒரே நிலையில் விட்டு ஓட்டும் டிரைவர், அந்த அனுகூலத்தை இழக்கிறார்.

இனி மணல். மணலில் தளம் இல்லை. உலர்ந்த மணல் சக்கரத்தின் கீழிருந்து விலகிக்கொண்டே போகும். குறுகிய டயர் அரிந்துகொண்டு இறங்கும். அகன்ற டயர் மேலே மிதக்கும். சேற்றில் உதவும் இரும்புக் கூண்டுச் சக்கரம் உலர் மணலில் குழி தோண்டுவதற்கே பயன்படும். டயரில் காற்றைக் குறைத்தால் அது தட்டையாகப் பரவித் தரையைப் பிடிக்கும். எவ்வளவு குறைக்கலாம் என்பது சக்கரத்தின் மேல் விழும் சுமையைப் பொறுத்தது. டயர் கம்பெனியின் அட்டவணை அனுமதிக்கும் அளவிற்குக் கீழே போகலாகாது. சாலையை அடைந்தவுடன் மீண்டும் காற்று அடித்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையில் முன் அச்சின் இழுவையையும் விலக்கிவிட வேண்டும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று முந்திச் செல்லும்படி அமைக்கப்பட்டிருத்தலால், கெட்டித் தரையில் இழுவையை விலக்காமல் ஓட்டினால் முன் டயர் விரைவில் தேய்ந்து, பற்சக்கரங்களும் நோகும். நான்கு சக்கர இழுவை வண்டியைக் குறைகூறுவோரிற் பலர் இதனை அறியாமல் ஓட்டியவர்களே.

கடற்காற்றில் உப்பு உண்டு. அது ரேடியேட்டரின் தகடுகளையும் மின்கம்பி முனைகளையும் அரிக்கும். சதுரங்கப்பட்டினம், கடலூர்க் குப்பம் போன்ற கரையோர ஊர்களில் வண்டியை வாரந்தோறும் நல்ல நீரால் கழுவுவது அவசியம். உப்பங்கழி நீரில் கழுவுவது கழுவாமையினும் கேடு.

சேற்றிலும் மணலிலும் ஒரு வண்டி எவ்வாறு நடக்கிறது என்பதை வாய்ச்சொல்லால் அன்றி அளவால் அறியும் வழி ஒன்றுண்டு. பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுக. கெட்டியான சாலையில், கலப்பை எதுவும் இழுக்காமல், சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை நாடாவால் அளக்க. பிறகு வயலில், வேலை செய்யும்போதே, பத்துச் சுற்றுக்கான தூரத்தை அளக்க. சாலையில் 39 மீட்டரும் வயலில் 33 மீட்டரும் எனில், வித்தியாசம் 6. நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு வழுக்கல். உழவுக்கு அது ஏற்கத்தக்கதே. வயலில் 26 மீட்டர்தான் நகர்ந்தது எனில் வழுக்கல் நூற்றுக்கு 33. அதாவது சக்கரத்தின் மூன்று சுற்றில் ஒன்று வீண். டீசலும் டயரும் அவ்வளவுக்கு வீண், தளத்திற்கும் சேதம். இரண்டு கம்பெனிகளின் வண்டிகளை ஒரே வயலில், ஒரே நாளில், ஒரே ரோட்டவேட்டருடன் ஓட்டி இவ்வாறு அளந்து பார்த்தால், ஷோரூமில் ஒரு நாள் முழுதும் பேசினாலும் தெரியாதது அரை மணியில் தெரிந்துவிடும். விற்பனையாளர் பெரும்பாலும் வயலுக்கு வண்டியைக் கொணர இசைவர். காய்ந்த வயலில் ஓட்டிக் காட்டுகிறேன் என்பாராயின், சேடை கட்டிய நாளில் வருக என்று சொல்லியனுப்புக.

சொந்தச் சோதனைக்குமேல் அரசாங்கச் சோதனையும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில் 1955-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியப் பண்ணை யந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. அவ்வறிக்கைகளில் நம் ஜில்லாவினர் பார்க்க வேண்டிய பகுதிகள் இரண்டு. ஒன்று, சுழல் தண்டில் கிடைக்கும் சக்தி. பிரசுரத்திலுள்ள குதிரைச் சக்தி என்ஜினுடையது, ரோட்டவேட்டரைச் சுழற்றுவது அதனினும் குறைந்த சுழல் தண்டுச் சக்தியே. மற்றொன்று, சேற்றுழவுக்குப் பின் யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, கிளட்ச், பிரேக், அச்சு முதலியவற்றில் சேறோ நீரோ புகுந்ததா என்று ஒவ்வொன்றாகக் குறித்திருக்கும் பட்டியல். இப்பட்டியலைப் படிக்காமல் நஞ்சைக்கு வண்டி வாங்கலாகாது. நிலத்தில் வண்டி நின்றுபோவதற்கு என்ஜினைக்காட்டிலும் இம்முத்திரை வளையங்களின் வழியே புகும் சேறே பெரிதும் காரணமாகிறது. அறிக்கையின் நகலை விற்பனையாளரிடமே கேட்கலாம். ‘இல்லை’ என்ற பதிலும் ஒரு செய்திதான்.

இத்தகைய சோதனை சட்டமாக வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மட் குரோசியர் என்னும் விவசாயி, ‘ஃபோர்டு’ என்ற பெயருள்ள டிராக்டர் ஒன்றை வாங்கினார். மோட்டார் வண்டிகளால் புகழ்பெற்ற ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. மினியாபொலிஸ் நகரத்துக் கம்பெனி ஒன்று, ஃபோர்டு என்னும் பெயருடைய வேறொருவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு அப்பெயரை வண்டிக்கு இட்டிருந்தது. வண்டி உழைக்கவில்லை, அடுத்து வாங்கிய வேறொரு கம்பெனி வண்டியும் அவ்வாறே. மூன்றாவது வாங்கியதே சொன்ன வேலையைச் செய்தது. குரோசியர் பின்னர் மாகாண சட்டசபையில் அங்கத்தினராகி, சோதனையில் தேறாத டிராக்டரை அங்கு விற்கலாகாது என்னும் சட்டம் 1919-இல் நிறைவேறக் காரணமாயினார். 1920-இல் சோதனைகள் தொடங்கின. ஹென்றி ஃபோர்டு தம் டிராக்டருக்கு ஃபோர்ட்ஸன் என்று பெயரிட நேர்ந்ததும் அந்தப் பெயர்க் கவர்ச்சியின் விளைவே என்பர்.

பெயர்களின் மயக்கம் நம் தேசத்திலும் உண்டு. ஆனால் அது வேறு விதமானது. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனி மாஸி ஃபெர்குசன் வண்டிகளைச் செய்வது. 1959-இல் இந்தியாவிலேயே முதல் டிராக்டரைச் செய்த ஐஷரின் டிராக்டர் தொழிலும் 2005 முதல் அதே கம்பெனியைச் சேர்ந்தது. துர்காபூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவரே வகுத்த அமைப்பிலிருந்து 1974-இல் பஞ்சாபில் தோன்றிய ஸ்வராஜ், 2007-இல் மஹிந்திராவிடம் வந்தது. அந்த மஹிந்திராவின் ஆராய்ச்சிக்கூடம் 2012 முதல் செங்கற்பட்டின் அருகிலேயே இருக்கிறது. குபோட்டா 2008-இல் சென்னையில் தன் இந்தியக் கிளையைத் தொடங்கியது. ஃபார்ம்டிராக், பவர்டிராக் வண்டிகளைச் செய்துவந்த எஸ்கார்ட்ஸ் கம்பெனி 2022-இல் எஸ்கார்ட்ஸ் குபோட்டா என்று பெயர் மாறிற்று. ஆகவே, எதிரெதிரே இரண்டு கடைகளில் விலை பேசித் திரும்பும் ஒருவர், உண்மையில் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நின்று வந்திருக்கக்கூடும். பெயரின் பொருட்டு அண்ணன் தம்பி வழக்காடுவதற்கு இங்கே இடமில்லை.

பவர் டில்லரில் பெங்களூரின் வி.எஸ்.டி., கேரள அரசாங்கத்தின் காம்கோ ஆகிய இரண்டும் பல ஆண்டுகளாக நெல் நிலத்தில் உழைத்துவருபவை. ஆழச் சேற்று வயல் உடையவர் இவற்றைப் பார்ப்பது நலம். ஆனால் பின்னே நடக்கும் ஆள் ஒவ்வோர் ஏக்கருக்கும் பல மைல் சேற்றில் நடக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க.

நம்பகம் என்பது பழுதாகாமை மட்டுமன்று. பழுதானால் எத்தனை நாளில் எழுந்து நடக்கும் என்பதும் ஆகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபின், நாற்று வயதேறிக்கொண்டிருக்க, ஒரு முத்திரை வளையத்திற்காகச் சென்னையிலிருந்து ஆள் வரும் வரையில் ஐந்து நாள் வண்டி நிற்குமாயின், அவ்வண்டி எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்நிலத்திற்கு உயர்ந்ததன்று. வாங்குமுன் ஐந்து உதிரிகளின் பெயரை எழுதிக்கொள்க: கிளட்ச் தட்டு, பின் அச்சின் முத்திரை வளையம், டீசல் வடிகட்டி, நீர்ப் பம்பு, முன் அச்சின் முத்திரை வளையம். மதுராந்தகத்திலும் செங்கற்பட்டிலும் உள்ள கடைகளுக்குச் சென்று, வாங்குபவர்போல் கேட்டுப் பார்க்க. அன்றே கையில் எடுத்துக் கொடுக்கும் கடை எக்கம்பெனிக்கு உள்ளதோ, அதற்குக் கூடுதலாகச் சிறிது விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. நான்கு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் அருகில் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சேற்றில் சிக்கிய வண்டியை எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உயிர்ச்சேதம் நேர்வது இங்கேதான். பின்சக்கரத்தில் கட்டையையோ பலகையையோ கட்டி முன்னோக்கி ஓட்டும் வழக்கம் கிராமங்களில் உண்டு. கட்டை தரையில் ஊன்றிச் சக்கரம் சுழல முடியாதபோது, என்ஜினின் பலம் முழுவதும் வண்டியின் முன்பாகத்தைத் தூக்குவதில் செல்கிறது. ஓரிரு நொடிகளில் வண்டி பின்புறமாகப் புரண்டு ஓட்டுபவர் மேல் விழும். குதிக்க அவகாசம் கிடையாது. கலப்பையைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி மெதுவாக எடுத்துப் பார்க்க. வராவிடில் சக்கரத்தின் முன்னும் பின்னும் சேற்றை வெட்டி அப்புறப்படுத்தி, வேறொரு டிராக்டரால் இழுப்பிக்க. இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்ந்த இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால் அவ்வண்டியும் புரளும். ஸ்வீடன் தேசத்தார் 1959 முதல் புதிய டிராக்டர்களில் புரளலைத் தாங்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று விதித்தனர். அதன்பின் அங்குப் புரண்டு இறந்தோர் தொகை வெகுவாகக் குறைந்தது. அச்சட்டமும் இருக்கை வாரும் கூடிய வண்டி கிடைக்குமாயின் அதையே கொள்க. தென்னங்கிளை தட்டுகிறது என்று சட்டத்தைக் கழற்றிவிடுவது தகாது.

சிலர் வெளிநாடுகளில் பண்ணை சுற்றப் பயன்படும் சிறு நாற்சக்கர வண்டிகளைப் பற்றிக் கேட்கின்றனர். மணலில் அவை இலகுவாகச் செல்லும் என்பது உண்மை; ஆனால் உழவோ, சேடையோ, சவுக்குப் பாரமோ அவற்றால் ஆகாது. சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா என்பதை எழுத்தில் பெற்றாலன்றி அவற்றில் பணம் போடுவது உசிதமன்று.

மூன்று ஏக்கருக்குக் குறைந்த நிலமுடையவர் கடன்பட்டு டிராக்டர் வாங்குவதைக் காட்டிலும் வாடகைக்கு அமர்த்துவதே மேல். வருஷத்தில் சில நாட்களே வேலையுள்ள யந்திரத்திற்குத் தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களை உழவன் செயலியின் மூலம் வாடகைக்குக் கோரலாம். மானியத்தில் வாங்குவோர் சிறு, குறு விவசாயிச் சான்றும் நில ஆவணங்களும் முன்கூட்டியே சேகரிக்க வேண்டும். கிராம அதிகாரிகள் பருவம் தொடங்குமுன் இதனைக் குடிகளுக்கு நினைவூட்டுவது பேருதவியாகும். அதே சமயம், மானியப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகத் தம் நிலத்திற்கு ஒவ்வாத வண்டியை வாங்குவோரையும் தடுத்துச் சொல்வது நன்று.

நாம் கொண்ட உதாரணத்து மிராசுதாரருக்கு ஏற்றது எது எனில், கம்பியால் அளந்ததில் தளம் கிடைத்தால், எடை குறைந்த நான்கு சக்கர இழுவை டிராக்டரும், சேற்றுக்கு ஒரு ஜோடி கூண்டுச் சக்கரமும், மணலுக்கு அகன்ற டயரும் போதும். மதகடி வயல்கள் இரண்டும் ஆழமெனில், அவற்றை மட்டும் வாடகைப் பவர் டில்லருக்கு விட்டுவிடலாம். எந்தக் கம்பெனி என்பதை அவர் தம் வயலில் அளந்த வழுக்கலும், புத்னி அறிக்கையின் சேற்றுப் பட்டியலும், மதுராந்தகத்துக் கடையின் உதிரி அலமாரியும் சேர்ந்து முடிவு செய்யும்.

வண்டி வந்தபின் முதற் சேடை முடிந்ததும் ஒரு காரியம் செய்ய வேண்டும். இரவு முழுதும் வண்டியை அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் பின் அச்சுப் பெட்டியின் அடித்திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் சொட்டும் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க. தெளிவாக இருந்தால் திருகை இறுக்கிவிடலாம். மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. அவ்வெண்ணெயைக் குவளையோடு விற்பனையாளரிடம் கொண்டுபோய், உத்தரவாதக் காலம் முடியுமுன் முத்திரை வளையங்களை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். முன் அச்சையும் இவ்வாறே பார்க்க.